ராக் இசை வானொலி நிலையங்களின் ஆயுள்: சில நிலையங்கள் அரை நூற்றாண்டைக் கடந்து நிற்பது எதனால்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையான்

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில் இருப்பவன். வானொலி கேட்பவர்களுக்கு எங்கள் பகுதி ஒரு வகையில் வாய்ப்பானது. கோவைப் பண்பலைகளும் திருச்சூர்ப் பண்பலைகளும் இங்கே எட்டிப் பார்க்கும். ஆகையால் தமிழ்த் திரைப்பாடலுக்கும் மலையாளத் திரைப்பாடலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் கல்லூரிக் காலத்தில் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையிலும், சிற்றலையில் பிபிசியிலும் கேட்டுப் பழகிய ராக் இசைக்கு மட்டும் இங்குள்ள எந்த அலைவரிசையிலும் இடமில்லை. அதனால் சில ஆண்டுகளாக அயல்நாட்டு நிலையங்களை இணையத்தில் கேட்டும், அவற்றின் வரலாற்றைத் தேடிப் படித்தும் வருகிறேன்.

அப்படிப் படித்ததில் எழுந்த ஐயம் இது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள கே.எஸ்.எச்.ஈ. என்னும் நிலையம் 1967-இன் இறுதியில் ராக் இசைக்கு மாறி, இன்றுவரை அதை விடவில்லை. பிலடெல்பியாவின் டபிள்யூ.எம்.எம்.ஆர். நிலையமும் 1968 முதல் அதே வழியில் வருகிறது. ஆனால் அதே 1968-இல் ராக் ஒலிபரப்பைத் தொடங்கி, பாஸ்டன் நகரத்தின் அடையாளமாகவே மாறிவிட்ட டபிள்யூ.பி.சி.என். 2009-இல் மூடப்பட்டது. சிகாகோவில் "தி லூப்" என்று அழைக்கப்பட்ட டபிள்யூ.எல்.யூ.பி. 2018-இல் கைமாறி, ராக் இசையே இல்லாத நிலையமாகிவிட்டது. ஒரே நாடு, ஒரே இசை, ஏறத்தாழ ஒரே தலைமுறை நேயர்கள். இருந்தும் ஒன்று நிலைக்கிறது, மற்றொன்று மறைகிறது. ராக் இசைக்கு மவுசு குறைந்துவிட்டது என்ற விடை எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. அது உண்மையாக இருந்தால் எல்லா நிலையங்களும் அல்லவா ஓய்ந்திருக்க வேண்டும்?

ஒலிபரப்புத் துறையில் பணியாற்றியவர்கள் இக்குழுவில் இருப்பதாக அறிவேன். ஒரு நிலையத்தின் ஆயுளை உண்மையில் தீர்மானிப்பது எது? நம் எல்லைப் பகுதியில் இப்படி ஒரு நிலையம் தோன்றவே வழியில்லையா என்பதையும் விளக்கினால் மகிழ்வேன்.

*

மறுமொழி: வாளையார் அலைக்கம்பம்

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு வணக்கம். நான் ஒலிபரப்புப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே இசையைப் பற்றிப் பேசுவதைவிட அலைவரிசையைப் பற்றிப் பேசுவதே எனக்கு எளிது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ராக் இசை பண்பலைக்கு வந்ததே ஓர் அரசாங்க விதியினால்தான். 1960-களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் வருமானம் முழுவதும் மத்திய அலையில் இருந்தது. பண்பலை உரிமம் வைத்திருந்தவர்களில் பலர், தங்கள் மத்திய அலை நிகழ்ச்சியையே அதிலும் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 1964-இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில், பண்பலை நேரத்தில் பாதிக்கு மேல் மத்திய அலை நிகழ்ச்சியை மறு ஒலிபரப்புச் செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். 1967 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தபோது, உரிமையாளர்களின் கையில் ஏராளமான வெற்று நேரம் இருந்தது. அதை நிரப்பச் செலவழிக்க மனமில்லை. நீண்ட இசைத்தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, குறைந்த சம்பளத்துக்கு இரவெல்லாம் ஒலிபரப்பத் தயாராக இருந்த இளைஞர்களுக்குக் கதவு திறந்தது அப்படித்தான். உரிமையாளர்கள் யாரும் ராக் இசையின் மீது காதல் கொண்டு இதைச் செய்யவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் அவர்கள் அதைக் கைவிட்டதிலும் வியப்பிருக்காது.

சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். அதுவரை பிறமொழி நிகழ்ச்சிகளுக்கு நேரத்தை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளிய சிறு நிலையம். 1967 ஏப்ரலில் டாம் டொனாஹியூ என்ற அறிவிப்பாளர் அங்கே வந்து, மூன்று நிமிடப் பாடல், ஓயாத வெற்றுப் பேச்சு என்ற மத்திய அலை வழக்கத்தை விட்டுவிட்டு, நீண்ட பாடல்களை வெட்டாமல் ஒலிபரப்பினார். மறு ஆண்டே வேலை நிறுத்தம். பணியாளர்கள் கூட்டமாக வெளியேறி கே.எஸ்.ஏ.என். நிலையத்தில் சேர்ந்தார்கள். அந்த கே.எஸ்.ஏ.என். 1980-இல் "கன்ட்ரி" எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு மாறியது. அதாவது இந்த முறைக்கே முன்னோடியாக இருந்த கூட்டத்தின் ஒலிபரப்பு, எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று ஆண்டுகளைச் சற்றே தாண்டியது. எனவே முதலில் தொடங்கியவன் என்ற பெருமை ஆயுளைத் தருவதில்லை.

இனி கே.எஸ்.எச்.ஈ. கதைக்கு வருவோம். 1961-இல் செயின்ட் லூயிஸின் புறநகரான கிரெஸ்ட்வுட்டில், உரிமையாளரின் வீட்டு நிலவறையிலிருந்து செவ்வியல் இசையை ஒலிபரப்பத் தொடங்கிய நிலையம் அது. 1964-இல் விற்கப்பட்டு, 1967 நவம்பரில் ராக் நிலையமானது. அது நிலைத்ததற்கு நான் காணும் காரணங்களில் முதன்மையானது, அது அதிகமாகக் கைமாறாததே. 1964-இல் வாங்கிய செஞ்சுரி நிறுவனத்திடமிருந்து 1984-இல் எம்மிஸ் நிறுவனத்துக்கு, அதனிடமிருந்து 2018-இல் ஹப்பர்ட் என்னும் குடும்ப நிறுவனத்துக்கு என்று, ராக் ஒலிபரப்பின் காலம் முழுவதும் மூன்றே உரிமையாளர்கள். புதிய உரிமையாளர் வரும் ஒவ்வொரு முறையும் நிலையத்தின் உயிருக்கு ஆபத்து உண்டு, ஏனெனில் வாங்கிய விலையை எடுக்க வேண்டிய அவசரம் அவரோடு சேர்ந்தே வருகிறது.

அடுத்தது ஊர்ச் சார்பு. நாடெங்கும் கவனிக்கப்படாத குழுக்களின் பாடல்களைக்கூட அந்நிலையம் விடாமல் ஒலிபரப்பியது. அதனால் செயின்ட் லூயிஸ் மக்களுக்கு மட்டுமே மனப்பாடமான ஒரு பாடல் தொகுதி உருவாயிற்று. அவற்றுக்கு நிலையத்தின் பெயரையே சேர்த்து அழைக்கிறார்கள். வேறு ஊரில் தயாராகி வரும் பொதுப் பட்டியலால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. கருப்புக் கண்ணாடியும் காதுக்கருவியும் அணிந்த பன்றிதான் அந்நிலையத்தின் சின்னம். அதை ஊர்க்காரர்கள் பெருமையோடு வண்டிகளில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்றால் பாருங்கள்.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலைத்திருக்கும் நிலையம் 1967-இன் இசையையே இன்றும் ஒலிபரப்புகிறது என்று எண்ணிவிடக் கூடாது. 1980-களில் "கிளாசிக் ராக்" என்ற தனி வகை அமெரிக்க வானொலியில் உருவான பிறகு, எந்த ஆண்டின் பாடல் பழையது என்ற எல்லைக்கோடு மெல்ல மெல்ல முன்னோக்கி நகர்ந்துகொண்டே வருகிறது. 1960-களின் பாடல்கள் உதிர, 1990-களின் பாடல்கள் அந்த இடத்தில் அமர்கின்றன. பெயர் மாறாமல் உள்ளடக்கம் நகர்வதுதான் அவற்றின் பிழைப்பு முறை.

*

மறுமொழி: விளம்பர நேரம்

வாளையார் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நான் கோவையில் ஒரு தனியார் பண்பலையின் விளம்பரப் பிரிவில் இருந்தவன். இப்போது வேலந்தாவளத்தில் வேறு தொழில் செய்கிறேன். பணத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும்.

அமெரிக்க வானொலி விளம்பரச் சந்தையில் 25 முதல் 54 வயது வரையிலான நேயர்களுக்கே நல்ல விலை. 1967-இல் பதினெட்டு வயதாக இருந்தவர் 2004-இலேயே அந்த வரம்பைத் தாண்டிவிட்டார். அவர் இன்னும் நாள் முழுவதும் கேட்கலாம். ஆனால் விளம்பரதாரரின் கணக்கில் அவர் இல்லை. நிலையம் தன் பழைய நேயரோடு சேர்ந்து முதுமை அடைந்தால் வருமானம் குறைகிறது. இளையவர்களைத் தேடிப் போனால் பழையவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். பட்டியலை நகர்த்துவதாக ஐயா சொன்னாரே, அதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இதைவிடப் பெரிய அடி 1996-இல் விழுந்தது. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுவதும் மத்திய அலையில் 20, பண்பலையில் 20 என 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அவ்வாண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நாடளாவிய உச்சவரம்பை நீக்கியது. மிகப் பெரிய நகரங்களில் ஒரே நிறுவனம் எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களைக் கையில் வைத்திருந்த காலம் அதன் பிறகே வந்தது. கடன் வாங்கி வாங்கிய நிலையங்கள் இவை. பின்னாளில் ஐஹார்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனம், 2000 கோடி டாலர் அளவிலான கடனோடு 2018 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. குமுலஸ் என்னும் மற்றொரு பெரிய நிறுவனம் அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2017 நவம்பரில் அந்த வாசலுக்குப் போயிருந்தது.

ஒரே ஊரில் பல நிலையங்களை வைத்திருப்பவருக்கு அவை ஒவ்வொன்றும் சதுரங்கக் காய் போலத்தான். பாஸ்டனில் நடந்ததைக் கவனியுங்கள். அங்கே சிபிஎஸ் நிறுவனத்துக்கு 98.5-இல் ஓர் இசை நிலையமும், 104.1-இல் டபிள்யூ.பி.சி.என்.-உம் இருந்தன. 98.5-இல் விளையாட்டுப் பேச்சு நிலையம் ஒன்றைத் தொடங்க முடிவு செய்தார்கள். அங்கிருந்த இசை நிலையத்தை 104.1-க்கு நகர்த்தினார்கள். அதற்கு இடம் விட்டு, நாற்பது ஆண்டு வரலாறு கொண்ட டபிள்யூ.பி.சி.என். பண்பலையின் முதன்மை அலைவரிசையிலிருந்து வெளியேறியது. நேயர்கள் கைவிட்டதனால் மட்டும் நடந்ததல்ல இது, அந்த 104.1 என்ற எண் வேறொன்றுக்குத் தேவைப்பட்டது.

சிகாகோவின் லூப் நிலையத்தின் கதையில் ஒரு முரண் உண்டு. ஸ்டீவ் டால் என்ற அறிவிப்பாளர் அதே ஊரில் டபிள்யூ.டி.ஏ.ஐ. என்ற ராக் நிலையத்தில் இருந்தார். 1978 இறுதியில் அந்நிலையம் டிஸ்கோ என்னும் நடன இசைக்கு மாறியபோது அவருக்கு வேலை போயிற்று. லூப் நிலையத்துக்கு வந்த அவர், டிஸ்கோ எதிர்ப்பையே நிகழ்ச்சியாக்கினார். 1979 ஜூலை 12 அன்று கோமிஸ்கி பேஸ்பால் அரங்கில், டிஸ்கோ இசைத்தட்டு கொண்டுவருபவருக்கு 98 சென்ட் நுழைவுக் கட்டணம் என்று அறிவித்து, இரு ஆட்டங்களுக்கு இடையே அந்தத் தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததில், இரண்டாவது ஆட்டத்தை உள்ளூர் அணி ஆடாமலே இழந்தது. அதை வெறும் ராக் ரசிகர்களின் குறும்பு என்று நான் கருதவில்லை. டிஸ்கோவைக் கொண்டாடிய கறுப்பினத்தவர் மீதான வெறுப்பும் அதில் கலந்திருந்தது என்று பலர் எழுதியிருப்பதில் நியாயம் இருக்கிறது. டபிள்யூ.டி.ஏ.ஐ. மறு ஆண்டே டிஸ்கோவைக் கைவிட்டது. லூப் 2018 வரை வாழ்ந்து, ஒரே கிறிஸ்தவ இசை நிகழ்ச்சியை நாடெங்கும் ஒலிபரப்பும் ஓர் இலாப நோக்கற்ற அமைப்பிடம் விற்கப்பட்டது. அந்த அமைப்புக்கு விளம்பரமே தேவையில்லை, நன்கொடை போதும். எனவே விளம்பரத்தை நம்பிய நிறுவனம் விற்க நினைக்கும் விலையில் அதனால் வாங்க முடிகிறது.

நம் ஊருக்கு வருகிறேன். 2000-இல் தனியார் பண்பலைக்கு முதன்முதலில் ஏலம் விட்டபோது, உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயரும் என்று வைத்தார்கள். அந்தச் சுமையில் பலர் தொடங்கவே இல்லை. 2005-இல் இரண்டாம் கட்டத்தில்தான் அதை மாற்றி, ஒரு நுழைவுக் கட்டணமும் வருவாயில் 4 விழுக்காடும் என்று ஆக்கினார்கள். நுழைவுக் கட்டணத்தை ஏலத்தில் கொட்டிவிட்டு வருபவர், முதல் நாளிலிருந்தே பெருங்கூட்டத்தைத் தேடுவார். கோவையிலும் திருச்சூரிலும் பெருங்கூட்டம் என்றால் திரைப்பாடல். விளம்பரம் தருபவர்கள் நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் மனை விற்பவர்களும். அவர்களுக்கு வீட்டில் எல்லாரும் சேர்ந்து கேட்கும் நிகழ்ச்சி வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் இரவு நேரத்தில் மேற்கத்திய இசைக்கு ஓர் இடம் ஒதுக்கிப் பார்த்தார்கள். கடிதமும் குறுஞ்செய்தியும் வந்தன, விளம்பரம் வரவில்லை. சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். பெங்களூரின் இண்டிகோ 91.9 போல ஆங்கில இசைக்கென்றே ஒரு நிலையம் நிற்க வேண்டுமானால், அந்த அளவு நகரமும் அந்த வகை விளம்பரதாரரும் வேண்டும்.

*

மறுமொழி: மூணாறு மலைச்சரிவு

அண்ணன்மார் இருவரும் வணிக நிலையங்களை மட்டுமே பேசுகிறீர்கள். விற்க முடியாத நிலையங்களையும் பார்க்க வேண்டும்.

நியூ ஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யூ. 1958-இல் அப்சாலா என்ற கல்லூரியில் தொடங்கியது. 1995-இல் அந்தக் கல்லூரியே மூடப்பட்டது, நிலையம் மூடப்படவில்லை. அதற்குச் சற்று முன்பே நிலையத்தைச் சேர்ந்தவர்கள் தனி அமைப்பாகி உரிமத்தை வாங்கிவிட்டார்கள். இன்றும் நேயர்களின் நன்கொடையில்தான் ஓடுகிறது. எந்தப் பாடலை ஒலிபரப்ப வேண்டும் என்று அறிவிப்பாளருக்கு யாரும் உத்தரவிடுவதில்லை. சியாட்டிலின் கே.ஈ.எக்ஸ்.பி. 1972-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் நிலையமாகத் தொடங்கி, 2001-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. பிரிட்டனின் ரேடியோ கரோலைன் இன்னும் வியப்பு. 1964-இல் கப்பலிலிருந்து உரிமமின்றித் தொடங்கிய நிலையம். 1967-இல் தடைச் சட்டம் வந்தது, 1980-இல் கப்பல் மூழ்கியது, வேறு கப்பல் வந்தது. 2017-இல் முறையான உரிமத்தோடு மத்திய அலையில் 648 கிலோ ஹெர்ட்ஸில் திரும்பி வந்தது. பிபிசி உலகச் சேவை ஐரோப்பாவுக்குப் பயன்படுத்தி, 2011-இல் விட்டுச்சென்ற அலைவரிசை அது. தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். அதை மூடி இலாபம் பார்க்க யாருமில்லை என்பதே அதன் பலம்.

எங்கள் தேவிகுளம் ஆகாசவாணியும் அப்படித்தான். மலையாளத்தோடு தமிழ் நிகழ்ச்சிகளையும் தருகிறது. தோட்டத் தொழிலாளர்களை நம்பி எந்தத் தனியார் நிறுவனமும் இந்த மலையில் கோபுரம் நட்டிருக்காது.

*

மறுமொழி: கொழிஞ்சாம்பாறையான்

மூவருக்கும் நன்றி. நான் இசை ரசனையின் கேள்வி என்று நினைத்துக் கேட்டேன். நீங்கள் அதை உரிமத்தின் கேள்வியாகக் காட்டிவிட்டீர்கள். இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. மூணாறு தம்பி சொல்வதுபோல் இலாப நோக்கற்ற வழி என்றால், நம் சமுதாய வானொலிச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா? அடுத்து, கே.எஸ்.எச்.ஈ. போன்ற வணிக நிலையங்களை இங்கிருந்து இணையத்தில் கேட்கச் சில வேளைகளில் முடிவதில்லையே, அது ஏன்?

*

மறுமொழி: வாளையார் அலைக்கம்பம்

முதல் கேள்விக்கு: இடம் இருக்கிறது, ஆனால் முழு ராக் நிலையத்துக்கு அல்ல. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 தொடங்கியபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். வயநாட்டின் ரேடியோ மாற்றொலி அப்படி வந்ததுதான். அலைவீச்சுத் திறன் பொதுவாக 100 வாட் என்ற அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. சமவெளியில் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கு ஒழுங்காகக் கேட்கும். நிகழ்ச்சியில் குறைந்தது பாதியாவது அந்தச் சமூகத்தின் பங்கேற்போடு உருவானதாக இருக்க வேண்டும். இது ராக் ரசிகருக்குத் தடை என்று நான் எண்ணவில்லை. கொச்சியிலிருந்து மதர்ஜேன் குழு 1996-இலேயே கிளம்பியது. அவியல் குழு மலையாளத்திலேயே ராக் பாடியது. பாலக்காட்டிலும் கோவையிலும் கல்லூரிக் குழுக்களுக்குக் குறைவில்லை. அவர்களை நிலையத்துக்கு அழைத்துப் பதிவு செய்தால், அதுவே உள்ளூர் நிகழ்ச்சிக் கணக்கில் சேரும். ஆனால் விவசாயம், உடல்நலம், கல்வி ஆகியவற்றுக்குப் போக வாரத்தில் சில மணி நேரமே இசைக்குக் கிடைக்கும். அதற்கு ஒரு கல்லூரி நிர்வாகம் மனம் வைக்க வேண்டும். இசைத்தட்டு உரிமைத் தொகையை யார் கட்டுவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: இணைய ஒலிபரப்புக்கான இசை உரிமம் நாட்டுக்கு நாடு தனித்தனி. தவிர, அவர்களது விளம்பரதாரருக்கு நம் காதால் பயனில்லை. அதனால் பல வணிக நிறுவனங்கள் அயல்நாட்டு நேயருக்கு இணைய ஓடையை அடைத்து வைக்கின்றன. நன்கொடையில் ஓடும் நிலையங்களுக்கு அந்தத் தயக்கம் குறைவு. டபிள்யூ.எஃப்.எம்.யூ., கே.ஈ.எக்ஸ்.பி., 2000 முதல் விளம்பரமின்றி இணையத்தில் இயங்கும் ரேடியோ பாரடைஸ் ஆகிய மூன்றையும் அவற்றின் சொந்தத் தளத்திலேயே திறந்து பாருங்கள். சியாட்டிலில் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி அங்கே கோடைக்காலத்தில் நமக்கு இரவு ஏழரைக்கு வரும். அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பின் குளிர்காலத்தில் எட்டரை.